சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்க!

சைக்கிளைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைக் காணைப் பக்கம் பார்ப்பது கஷ்டம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், டியூஷன் போகும் ஒன்பதாம் வகுப்புப் பையன், பத்து வருஷமாக பைக் தவிர வேறெதையும் தொடாத சித்தப்பா என்று எல்லாரிடமும் ஒன்று தயாராக இருக்கிறது.

"சீட்டை இறக்கி வை, கால் தரையில எட்டணும்."
"வெயில் காலத்துல காத்து கம்மியா அடி, இல்லன்னா வெடிச்சிடும்."
"முன் ப்ரேக்கைப் பிடிக்காத, குப்புற வுழுவ."
"எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி வலது பக்கமாப் போ."
"செயின் கத்துதா? தேங்காய் எண்ணெய் வுடு."

இதெல்லாம் காசு வாங்காமல் கிடைக்கும் அறிவுரைகள். கேட்காமலும் கிடைக்கும் :-)

வேடிக்கை என்னவென்றால் மேலே சொன்ன ஐந்துமே தப்பு. சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களுக்கு அவர்கள் அண்ணன் சொன்னது, அந்த அண்ணனுக்கு இன்னொரு அண்ணன் சொன்னது. சைக்கிள் ஓட்டுவதை யாரும் பாடமாகச் சொல்லித் தராத ஊரில் வாய்வழிச் செய்திதானே பாடப்புத்தகம்?

அதனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

*ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு*

தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், சில வருஷங்களில் எல்லா மாணவர்களுக்கும் என்று விரிந்தது. ஆட்சிகள் மாறின, சைக்கிள் மட்டும் மாறவில்லை. 2022 ஜூலையில் தொடங்கிய விநியோகத்தில் சுமார் 6.35 லட்சம் சைக்கிள்கள், செலவு சுமார் 323 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு சைக்கிளுக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய்.

இப்போது ஒரு சாதாரணக் கணக்கு. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் என்றால் போக வர எட்டு. வருஷத்துக்கு 200 நாள் பள்ளி, இரண்டு வருஷம். மொத்தம் 3,200 கிலோமீட்டர். 5,000 ரூபாயை அதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம். பிரமாதம்!

அதே சைக்கிள் மூன்று மாசம் ஓடிவிட்டு, "முட்டி வலிக்குது", "காத்து நிக்கல", "செயின் கழண்டுக்குது" என்று மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்டால்? 60 நாளுக்கு 480 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல். ஷேர் ஆட்டோவில் போனாலும் இவ்வளவு ஆகாது. காமர்ஸ் வகுப்பில் தேய்மானம், எறிமதிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு சொத்து முதல் வருஷத்தில் எறிமதிப்புக்கு வந்து நிற்பதைக் கவனிப்பதில்லை.

கொட்டகைக்குப் போகும் சைக்கிளைப் பார்த்து "கவர்மெண்ட் சைக்கிள் அப்படித்தான், தரம் இல்ல" என்று சொல்லிவிடுவது சுலபம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்த மூன்று புகாரில் ஒன்றுகூட புது சைக்கிள் வாங்கினால் தானாகத் தீர்ந்துவிடாது. முட்டி வலி சீட்டு உயரத்தால் வருவது. காத்து இறங்குவது பெரும்பாலும் வால்டியூபாலோ முள்ளாலோ. செயின் கழலுவது தொய்வால். மூன்றும் ஒரு ஸ்பேனர் விஷயம். அரசாங்கம் மூலதனச் செலவைச் செய்துவிட்டது. மிச்சமிருக்கும் சில்லறைச் செலவையும் அரை மணி நேர அறிவையும் யார் தருவது என்பதுதான் கேள்வி.

*சீட்டு: எல்லாத் தப்புக்கும் தாய்*

உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்பதுதான் ஊர் வழக்கம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது சரி. பயம் போகும் வரை, ஒரு பத்து நாள் அப்படி வைக்கலாம். ஆனால் பேலன்ஸ் வந்த பிறகும் சீட்டு அங்கேயே துருப்பிடித்து நிற்பதுதான் பிரச்சினை.

சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சுமார் ஐந்து மீட்டர் போகும். அப்படியென்றால் ஐந்து கிலோமீட்டருக்கு ஆயிரம் சுற்று. சீட்டு தாழ்வாக இருந்தால் அந்த ஆயிரம் தடவையும் முட்டி மார்புக்கு ஏறி இறங்குகிறது. பிள்ளையார் கோயிலில் போடும் தோப்புக்கரணத்தை உட்கார்ந்துகொண்டே ஆயிரம் போட்டால் எப்படி இருக்கும்? சாயங்காலம் முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான அளவு பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார வேண்டும். பெடலை முழுக்கக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் அதுதான் உயரம். ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் முன்பாதம் பெடலில் இருக்கும், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான். சீட்டுக் குழாயில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

"அப்போ நிறுத்தும்போது கால் எட்டாதே?" எட்டாதுதான். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். ஊரில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு இது புரியும். அவர்கள் சீட்டே எட்டாத அப்பாவின் சைக்கிளை ஓட்டினவர்கள்!

*காத்து, முள், வால்டியூப்*

வெயிலில் ட்யூப் வெடிக்கும் என்ற பயத்தில் சித்திரை, வைகாசியில் பாதிக் காத்தோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. பௌதிகம் என்ன சொல்கிறது? ட்யூபுக்குள் இருக்கும் காத்து 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடேறினாலும் அழுத்தம் ஏறுவது சுமார் பத்து சதவீதம். சரியான அளவில் அடித்த நல்ல டயர் அதைத் தாங்கும். வெயிலில் 'டம்' என்று போவது பெரும்பாலும் பழைய ஒட்டு இளகிய ட்யூபோ, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிய ட்யூபோ, ஓரம் கிழிந்த டயரோ. காத்து குறைவாக இருந்தால்தான் உண்மையான கெடுதல். மிதிக்க இரட்டிப்புப் பலம் வேண்டும், டயரின் பக்கச்சுவர் வெடிப்பு விடும், பள்ளத்தில் இறங்கினால் ரிம் ட்யூபைக் கடித்துவிடும். எவ்வளவு அடிப்பது என்று டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

விழுப்புரம் மாவட்டத்து சைக்கிளுக்கு நிஜ எதிரி வெயில் அல்ல, வேலிக்காத்தான் முள். ஏரிக்கரையிலும் மல்லாட்டைக் கொல்லை ஓரத்திலும் விறகு வெட்டிப் போட்ட இடத்திலும் அது பாதையில் கிடக்கும். பஞ்சர் ஒட்டிய அடுத்த நாளே மறுபடி காத்து போனால் கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் முனையை எடுக்காமல் போனால் எத்தனை ஒட்டு போட்டும் பிரயோஜனமில்லை. டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் பஞ்சர் கடை அண்ணன்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

முள்ளும் இல்லை, ஒட்டும் சரி, ஆனாலும் ராத்திரிக்குள் காத்து இறங்குகிறது என்றால் வால்டியூபைப் பார்க்கலாம். மவுத்தில் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். அதன் விலை சில்லறைக் காசு. அது தெரியாமல் ட்யூபையே மாற்றுகிறவர்கள் உண்டு.

*முன் ப்ரேக், பின் ப்ரேக்*

முன் ப்ரேக்கின் மேல் இருக்கும் பயத்தில் அதைக் கழற்றியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் ப்ரேக்குடையது. ப்ரேக் பிடித்ததும் உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது, அப்போது தரையை அழுத்திப் பிடிப்பது முன் சக்கரம்தான். பின் ப்ரேக் மட்டும் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். குப்புற விழுவது முன் ப்ரேக்கை மட்டும், அதுவும் திடீரென்று இறுக்கிப் பிடிப்பவர்கள். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதுதான் வழி. ஜல்லியிலும் மணலிலும் மட்டும் முன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

மறக்கக் கூடாத இன்னொன்று: செயினுக்கு விடும் எண்ணெய் ரிம்மில் படவே கூடாது. பட்டால் ப்ரேக் கட்டை வழுக்கிக்கொண்டு போகும்.

*ஓவராயிலும் தேங்காய் எண்ணெயும்*

'ஓவராயில்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நிறைய எண்ணெய் விடுவதுதான் சர்வீஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் :-) அது எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, பால்ரஸ் பார்த்து, க்ரீஸ் வைத்து மாட்டுவது. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, செயினுக்கு அல்ல. மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைந்து நிற்கிற எண்ணெய் செயினுக்குள் மட்டும் எப்படி ஓடும்? நாள்பட்டால் பிசின் மாதிரி ஆகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மெஷின் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதுதான் நல்லது.

பெரியவர்கள் சொல்வதில் சரியானவையும் உண்டு. "புது சைக்கிளை ஒரு மாசம் ஓட்டிட்டு எல்லா நட்டையும் டைட் வை" என்பது தங்கமான பேச்சு. புதுக் கம்பிகளும் காட்டர் பின்னும் ஓட ஓடத்தான் இறுகி அமரும். "நம்ம ஊருக்கு கியர் எதுக்கு?" என்பதும் நியாயமே. காணையைச் சுற்றி மேடு என்று சொல்ல ஏரிக்கரையை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மலிவான கியர் சைக்கிளில் கெட்டுப்போக நாலு பாகம் கூடுதல், எடையும் கூடுதல்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குத் தரப்படும் நேரம் 13.5 மணி. சராசரி 15 கிலோமீட்டர்கூட இல்லை. பெரிய ஹெல்மெட்டும் பளபள சட்டையும் போட்டு ஓட்டும் அவர்களுக்கே அதுதான் கணக்கு என்றால், கெடாரிலிருந்து காணைக்கு வரும் பையன் எழுந்து நின்று மிதித்து மூச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

*வலது பக்கம் வேண்டவே வேண்டாம்*

மற்ற தப்புகள் காசை எடுக்கும், இது உயிரை எடுக்கும்.

எதிர்ப்பக்கமாக, வண்டிகளைப் பார்த்தபடி போவது நடப்பவருக்குப் பொருந்தும். சைக்கிளுக்குப் பொருந்தாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார், 15-இல் சைக்கிள். பின்னாலிருந்து வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 45. நேருக்கு நேர் வந்தால் 75. சுதாரிக்கும் நேரம் பாதிக்குப் பக்கமாகக் குறைகிறது. அது மட்டுமல்ல, கிராமத்துக் குறுக்குச் சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பும் பைக்காரர் வலதுபக்கம் மட்டும்தான் பார்ப்பார். இடதுபக்கத்திலிருந்து, தப்பான திசையில் ஒரு சைக்கிள் வரும் என்று அவர் கனவிலும் நினைக்கமாட்டார்.

ராத்திரி இன்னும் மோசம். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்பதும், அவற்றைச் சுற்றிக்கொண்டு சைக்கிள்கள் நடு ரோட்டுக்கு வருவதும் சாதாரணம். அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று தாத்தாக்கள் கதை சொல்வார்கள். இன்று பிடிக்க யாருமில்லை, அதனால் விளக்கும் இல்லை. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ஒளிதிருப்பி, முடிந்தால் ஒரு சின்ன பேட்டரி விளக்கு. இரண்டும் சேர்த்து ஒரு பிரியாணி விலைதான். புது சைக்கிளோடு வரும் ஒளிதிருப்பிகளை 'அசிங்கமா இருக்கு' என்று பிடுங்கிப் போடும் பையன்களை என்ன சொல்வது?

*பெண் பிள்ளைகளும் சைக்கிளும்*

இன்னொரு வகை அறிவுரை இருக்கிறது. "வயசுக்கு வந்த பொண்ணு ரொம்ப தூரம் மிதிக்கக் கூடாது, வயித்துக்கு ஆகாது." இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் ப்ளஸ் ஒன் சேர்ந்த ஒரு பெண்ணின் சைக்கிள் தம்பிக்குப் போவதற்கு இந்த ஒரு வரி போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளையும் கையில் எடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலம். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்கள். குழந்தையை முன் பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கே யாரும் சைக்கிளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஓட்டவும் சொல்லித் தந்தார்கள். கற்ற பெண் அடுத்த பெண்ணுக்குக் கற்றுத் தந்தாள்.

சைக்கிளால் படிப்பு கூடுமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகவும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பலன் அதிகம் தெரிந்தது பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில். காணை ஒன்றியத்தில் அப்படிப்பட்ட குக்கிராமங்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

"பஸ்தான் ஓசியாச்சே, சைக்கிள் எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மாணவர்களுக்கு பாஸ் உண்டு. நல்ல விஷயம். ஆனால் பஸ் மெயின் ரோட்டில் வருகிறது, வீடு உள்ளே இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரம் உண்டு, ஸ்பெஷல் கிளாஸ் அதற்குள் முடியாது. டிக்கெட் இல்லாத பஸ்ஸும் வராத நேரத்தில் உதவாது. அந்த நேரத்தில் பெண்ணிடம் ஓடுகிற சைக்கிள் இருந்தால் அவள் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய உருப்படியான அறிவுரை வேறு: துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொள்ளுங்கள், செயின் கவரைக் கழற்றாதீர்கள். பின் சக்கரத்தில் வலை இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள். அப்புறம், சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்கள்.

*என்ன செய்யலாம்?*

பெரிதாக ஒன்றும் வேண்டாம். சைக்கிள் கொடுக்கும் நாளில் போட்டோ எடுத்து முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த நாள், உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் இரண்டு பேரைப் பள்ளிக்கு அழைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு உயரம் வைத்து, நட்டு இறுக்கி, ப்ரேக் பார்த்துத் தரச் சொல்லலாம். நூறு சைக்கிள் என்றால் அதன் மதிப்பு ஐந்து லட்சம். இரண்டு பேருக்குக் கூலியாக மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு சதவீதம் வரவில்லை. பஞ்சர் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும் காலத்தில் அவர்களுக்கும் ஒரு வருமானம், ஒரு மரியாதை.

கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். முகாம்களில் வழக்கமாகக் கோயில் வளாகம் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் ஒரு கிராமத்தின் கொட்டகை சைக்கிள்களில் பாதியாவது ரோட்டுக்கு வரும். தேவை நாலு ஸ்பேனர், ஒரு பம்ப், ஒரு டப்பா வால்டியூப். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அந்தச் சாக்கும் இனி இல்லை.

இதை அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் தாழ்ந்த சீட்டில் முட்டி முகத்தில் இடிக்க மிதித்துப் போவதைப் பார்த்தால், அபிப்பிராயம் சொல்லாமல் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து நிமிஷ வேலை.